மறுநுழைவு, ஒரு தடவை மட்டும்

எம்ரிஸ் ப்ரோதெரோவிடம் ஃபெயிலாகாத ஆள் அவருடைய ஊரில் குறைவு.

வேல்ஸில் டிரைவிங் லைசென்ஸ் தேர்வு அதிகாரியாகக் காலம் தள்ளியவர். பக்கத்து இருக்கையில் அட்டையைத் தொடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கண்ணாடி பார்க்காமல் வண்டியைக் கிளப்பினால் தீர்ந்தது. அழுதாலும் சரி, கேக் கொண்டுவந்து கொடுத்தாலும் சரி, பேனா ஃபெயில் பக்கம்தான் போகும். சொந்த அக்கா புருஷனையே மூன்று தடவை ஃபெயில் போட்டார். அந்த மனுஷர் இன்றைக்கும் சைக்கிளில்தான் போகிறார்.

ஓய்வு பெற்று தாய்லாந்துக்கு வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. நோங் காய் ஊர். மேகாங் நதிக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் லாவோஸ். ஃபெயில் போட ஆள் இல்லாமல் முதல் ஆறு மாதம் தவித்தவருக்கு, ஏழாவது மாதம் விடை கிடைத்தது.

விசா.

ஊரில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர்கள் ஒருத்தருக்கும் தங்கள் பாஸ்போர்ட்டைப் படிக்கத் தெரியவில்லை.

அன்றிலிருந்து சனிக்கிழமை காலை என்றால் நதிக்கரைக் காபிக் கடையில் எம்ரிஸின் வகுப்பு. நார்வேக்காரர், ஆஸ்திரேலியாக்காரர், டச்சுக்காரர் என்று அரைக்கால் சட்டையும் மூட்டு வலியுமாக வந்து உட்காருவார்கள். எம்ரிஸ் வெள்ளைப் பலகையை நாற்காலியில் சாய்த்து வைப்பார்.

"நல்லா கேட்டுக்குங்க. தொண்ணூறு நாளைக்கு ஒரு தடவை ஆபீஸ்ல போய் 'நான் இங்கதான் இருக்கேன்'னு சொல்றது வேற. வருஷத்துக்கு ஒரு தடவை தங்கற அனுமதியை நீட்டிக்கறது வேற. முதலாவதைப் பண்ணிட்டு ரெண்டாவதும் ஆயிடுச்சுன்னு நினைச்சீங்கன்னா, அடுத்த 'இங்கதான் இருக்கேன்'ஐ ஜெயில்லேர்ந்துதான் சொல்வீங்க."

சிரிப்பு எழும். அவர் சிரிக்க மாட்டார்.

"அடுத்தது. வருஷ அனுமதி கையில இருக்கு, சும்மா அக்கரைக்குப் போய் ஒரு சாப்பாடு சாப்பிட்டு வரலாம்னு கிளம்பறீங்க. எல்லையைத் தாண்டின அந்த நிமிஷமே அனுமதி செத்துப்போச்சு. மறுநுழைவு அனுமதி வாங்கிட்டுத்தான் காலை எடுத்து வைக்கணும். ஒரு தடவை, பல தடவைன்னு ரெண்டு வகை. ஒரு தடவை வகை தீக்குச்சி மாதிரி. ஒரே உரசல். அப்புறம் அதை வெச்சுக் காது குடையலாம்."

நார்வேக்காரர் கை தூக்கினார். "கல்யாண விசா எப்படி எம்ரிஸ்? பேங்க்ல பாதிப் பணம் இருந்தா போதும்கறாங்களே?"

எம்ரிஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். வகுப்புக்குத் தெரியும், இனி வருவது அபிஷேகம்.

"ஓய்வூதியக்காரன் நீட்டிப்புல கௌரவம் இருக்கு. போனோமா, நீட்டினோமா, வந்தோமா. நடக்கத் தெரிஞ்சவன் எதுக்குய்யா வீல்சேர் கேக்கணும்? கல்யாண நீட்டிப்புன்னா ரெண்டு பேரும் சேர்ந்து வீட்டுல எடுத்த ஃபோட்டோ குடு, வீட்டுக்கு வழி வரைஞ்சு குடு, சாட்சியைக் கூட்டிட்டு வா. அதிகாரி வீட்டுக்கே வந்து பாத்ரூம்ல எத்தனை டூத்பிரஷ் இருக்குன்னு எட்டிப் பாப்பான். எல்லாம் முடிஞ்சும் தர மாட்டாங்க. 'பரிசீலனையில் இருக்கிறது'ன்னு ஒரு முத்திரை குத்தி அனுப்பிடுவாங்க. ஒரு மாசம் தொங்கிக்கிட்டே இருக்கணும். கணக்குத் தெரியாதவனும் காதல் பண்றவனும்தான் அந்தப் பக்கம் போவான்."

பக்கத்து மேஜையில் சோயாப் பாலில் பொரித்த மாவுத் துண்டைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த லம்துவன் தலை நிமிரவில்லை.

லம்துவன் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. எம்ரிஸோடு பன்னிரண்டு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறாள். ஊருக்கு அவர்கள் புருஷன் பெண்டாட்டி. சட்டத்துக்கு அவள் வீட்டுக்காரம்மா, அவர் அங்கே தங்கியிருக்கும் அந்நியர். வெளிநாட்டுக்காரன் மண் வாங்க முடியாத நாடு. எம்ரிஸ் வெளிநாடு போய்த் திரும்பும்போதெல்லாம், 'என் வீட்டில் ஒரு வெளிநாட்டவர் வந்து தங்கியிருக்கிறார்' என்று ஒரு நாளுக்குள் அவள் சர்க்காருக்குத் தகவல் பதிய வேண்டும். அவர் தூங்கிக்கொண்டிருக்கும்போதே பதிந்துவிடுவாள்.

கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமே என்று மூன்று தடவை கேட்டாள். முதல் தடவை, "விசா சிக்கலாயிடும் துவன்" என்றார். இரண்டாவது தடவையும் அதேதான். மூன்றாவது தடவை வெள்ளைப் பலகையையே எடுத்து வந்து, படம் போட்டு விளக்கினார்.

அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை.

*

வினை ஓர்வில் ரூபத்தில் வந்தது.

ஓர்வில் கனடாக்காரன். சாஸ்கச்சுவான் பக்கம் கோதுமைக் கிடங்கில் வேலை பார்த்தவன். பனியனும் செருப்பும்தான் சீருடை. ஓய்வூதியக்காரர் விசா வாங்காமல், சுற்றுலாக்காரன் கணக்கில் வந்து, நாள் முடியும்போது எல்லையைத் தாண்டி உடனே திரும்பி வந்து புது முத்திரை வாங்கிக் காலம் ஓட்டுகிறவன். எம்ரிஸ் கண்ணில் அவன் கண்ணாடியே இல்லாத வண்டி.

"வாத்தியாரே, நாளையோட என் நாள் முடியுது" என்றான் வெள்ளிக்கிழமை மதியம், பப்பாளி சாலட்டைக் கையால் வழித்துக்கொண்டே.

"முந்தாநாளே முடிஞ்சிருக்கும், பார்த்தியா?"

"பார்த்தேன். நாளைதான். கூட வாயேன். தனியாப் போனா நான் தப்பான வரிசையில நின்னு சீனாவுக்குப் போயிடுவேன்."

எம்ரிஸுக்கு இந்த மாதிரி அழைப்பு என்றால் உள்ளூரச் சர்க்கரை. பாஸ்போர்ட்டை எடுத்தார், தொப்பியை மாட்டினார். மார்க்கெட்டுக்குப் போயிருந்த லம்துவனுக்கு, 'ஓர்வில் குழந்தையை அக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்' என்று செய்தி அனுப்பினார்.

லாவோஸுக்குப் போகும் பாலத்தின் இந்த முனையில் குடிநுழைவு அலுவலகம். வெளியேறும் வரிசையில் கன்னிகா உட்கார்ந்திருந்தாள். லம்துவனிடம் நாலாம் வகுப்புப் படித்த பெண். இப்போது தோளில் பட்டையோடு அதிகாரி.

"லுங் எம்ரிஸ்! இன்னைக்கு யாரைக் கடத்திட்டுப் போறீங்க?" என்றாள். லுங் என்றால் மாமா. ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும்.

"இந்தத் தடியனைம்மா. நான் இல்லாட்டி தொலைஞ்சு போயிடுவான்."

கன்னிகா ஓர்வில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினாள். எம்ரிஸ் பாஸ்போர்ட்டை வாங்கினாள். முத்திரைக் கட்டையைத் தூக்கியவள் நிறுத்தினாள்.

"லுங், மறுநுழைவு இருக்குல்ல?"

பின்னால் நின்ற இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் சனிக்கிழமை வகுப்பு டச்சுக்காரர்.

எம்ரிஸ் சிரித்தார். வேல்ஸில் யாராவது அவரைப் பார்த்து 'உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?' என்று கேட்டிருந்தால் சிரித்திருக்கக்கூடிய அதே சிரிப்பு.

"என்னைப் பார்த்தா கேக்கறே? இருக்கும்மா, இருக்கு. குத்து."

டப்.

*

பாலத்தைக் கடக்கும் பஸ்ஸில் கூட்டம். ஓர்வில் ஜன்னலோரம் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டான்.

"அந்தப் பொண்ணு உன்கிட்ட என்னமோ கேட்டாளே, என்ன அது?"

"மறுநுழைவு அனுமதி. உனக்கு அது தேவையில்லை. ஏன்னா உனக்கு இழக்க ஒண்ணுமே இல்ல. எனக்கு வருஷ அனுமதி இருக்கு. இப்படித் தாண்டும்போது அது சாகாம இருக்கணும்னா இந்த முத்திரை வேணும். பாரு, காட்டறேன்."

பக்கத்தைப் புரட்டினார். முத்திரை இருந்தது. வட்டமாக, அழகாக.

அதில் 'ஒரு தடவை' என்று இருந்தது.

வழக்கமாகப் பல தடவை வகைதான் வாங்குவார். இந்த வருஷம் வேல்ஸில் அக்கா படுக்கையில் கிடந்தாள். ஒரே ஒரு பயணம்தான், அதற்கு எதற்கு அதிகக் காசு என்று ஒரு தடவை வகை வாங்கினார். போனார். அக்காவை அடக்கம் செய்தார். திரும்பி வந்து இறங்கிய அன்றே அந்தத் தீக்குச்சி உரசியாகிவிட்டது. இப்போது அதை வைத்துக் காது குடையலாம்.

எம்ரிஸ் பாஸ்போர்ட்டைப் பட்டென்று மூடினார்.

"நிறுத்து!" என்று எழுந்தார். "வண்டியை நிறுத்து!"

டிரைவர் கண்ணாடியில் அவரைப் பார்த்தான். "பாலத்துல நிறுத்தக் கூடாது லுங். சட்டம்."

"நான் இறங்கணும்!"

"குதிச்சா ஆறு. உக்காந்தா லாவோஸ். எது வேணும்?"

பஸ் முழுக்கச் சிரித்தது. வெளியே விளக்குக் கம்பங்களில் கட்டியிருந்த தாய்லாந்துக் கொடிகள் முடிந்து லாவோஸ் கொடிகள் தொடங்கின. பதினான்கு வருஷம் ஒரு நாள் கூடப் பிசகாமல் நீட்டி நீட்டிக் காப்பாற்றிய அனுமதி, எங்கோ அந்த இரண்டு கொடிகளுக்கு நடுவில் செத்துப்போனது.

*

அக்கரையில் ஓர்வில் ஒரு நீளமான ரொட்டிச் சாண்ட்விச்சை வாங்கிப் பாதியைக் கிழித்து நீட்டினான். எம்ரிஸ் வாங்கவில்லை.

"சரி, செத்துப்போச்சு. புதுசா ஒண்ணு பண்ணிக்கலாம்ல? நீதானே ஊருக்கெல்லாம் பண்ணிக் குடுக்கறே?"

"புதுசா ஆரம்பிக்கணும்னா பேங்க்ல முழுத் தொகையும் உக்காந்திருக்கணும்டா. பாதியை எடுத்து வீட்டுக்கு மாடி கட்டிட்டோம். ஆத்தைப் பார்த்து பால்கனி வேணும்னு நான்தான் சொன்னேன்."

"மாடியை வித்துடு."

"மாடி அவ பேர்ல. வீடு அவ பேர்ல. நாய் கூட அவ பேர்ல. இப்ப உள்ளே விட்டா உன்னை மாதிரி அறுபது நாள் குடுப்பாங்க. அதுக்குள்ள ஏதாவது பண்ணலைன்னா மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். வேல்ஸ்ல எனக்கு இப்ப யாருடா இருக்கா? சைக்கிள்ல போற மச்சான்தான்."

ஓர்வில் மென்று முடித்தான். விரலை நக்கினான்.

"கல்யாண விசாவுக்குப் பாதிப் பணம் போதும்னு நார்வேக்காரன் சொன்னானே."

எம்ரிஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"கல்யாணம் பண்ணிக்கோ வாத்தியாரே. பொண்ணு கூட வீட்லயே இருக்கு."

"மூணு தடவை அவளா கேட்டா. மூணு தடவையும் விசாவைக் காட்டி மாட்டேன்னேன். இப்ப அதே விசாவைக் காட்டி வான்னு கூப்பிட்டா, என்னை மனுஷன்னு மதிப்பாளா?"

"பலகையை எடுத்துட்டுப் போய் விளக்கிப் பாரேன்" என்றான் ஓர்வில்.

அவனுக்கு எப்படி அந்தப் பலகைக் கதை தெரிந்தது என்று எம்ரிஸ் கேட்கவில்லை. லம்துவன் ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறாள் என்று புரிந்தது.

*

சாயங்காலம் திரும்பியபோது கன்னிகா உள்ளே நுழையும் வரிசைக்கு மாறியிருந்தாள். பக்கங்களைப் புரட்டினாள். ஒரு தடவை. இன்னொரு தடவை.

"லுங்..."

"தெரியும்மா."

"நான் கேட்டேனே லுங்! இருக்குன்னு சொன்னீங்களே!"

"மெதுவாப் பேசு. வெளியே போன முத்திரையை ரத்து பண்ண முடியாதா? நான் அக்கரையில ஒரு வாய் தண்ணி கூடக் குடிக்கலை."

"கண்ணாடி பார்க்காமக் கிளம்பினவன் கெஞ்சினா நீங்க பாஸ் போட்டிருக்கீங்களா? நான் டீச்சர் வீட்டுக்கு வந்தப்போ இந்தக் கதையை நீங்களேதான் எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க!" அவளுக்கே பாவமாக இருந்தது. அறுபது நாள் முத்திரையை மெல்லக் குத்தினாள். ஓர்வில் வாங்கிய அதே முத்திரை.

"டீச்சர்கிட்ட சொல்லிடாதேம்மா."

"நான் சொல்லலை லுங். ஆனா நீங்க வந்து தங்கின தகவலை நாளைக்குள்ள டீச்சர்தானே பதியணும்? இந்தப் பக்கத்தை ஃபோட்டோ எடுத்துத்தானே அனுப்புவாங்க?"

எம்ரிஸ் பாஸ்போர்ட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுப் பித்தானை மாட்டினார். அந்தப் பித்தானை அவர் வாழ்நாளில் மாட்டியதே இல்லை.

*

வீட்டில் லம்துவன் மாடிப் பால்கனியில் உட்கார்ந்து சுட்ட மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒட்டு அரிசிச் சோற்றுக் கூடை.

"குழந்தை பத்திரமாத் திரும்பிச்சா?"

"ம். திரும்பிச்சு."

"புத்தகத்தைக் குடுங்க. பதிஞ்சுடறேன்."

"நாளைக்குப் பண்ணிக்கலாம் துவன். கை எல்லாம் மீனா இருக்கு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள். நாலாம் வகுப்புப் பையனிடம் உண்டிவில்லைக் கேட்கிற கை. எம்ரிஸ் பித்தானைக் கழற்ற வெகு நேரம் எடுத்துக்கொண்டார்.

அவள் பக்கத்தைத் தேடிப் பிடித்தாள். செல்ஃபோனை உயர்த்தினாள். தாழ்த்தினாள். கண்ணாடியைத் தலையிலிருந்து மூக்குக்கு இறக்கிப் பார்த்தாள்.

"தீக்குச்சி" என்றாள்.

எம்ரிஸ் ஆற்றைப் பார்த்தார். அக்கரையில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின.

பன்னிரண்டு வருஷச் சனிக்கிழமைகள். ஒவ்வொரு வகுப்பிலும் பக்கத்து மேஜையில் சோயாப் பாலோடு உட்கார்ந்திருந்தவள். நார்வேக்காரருக்கு மறந்துபோவதெல்லாம் இவளுக்கு மனப்பாடம் என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

"அறுபது நாள்" என்றாள் அவள். "முழுத் தொகை இல்ல. மாடியில உக்காந்து மீன் தின்னுட்டிருக்கோம். அப்ப மிச்சம் இருக்கறது ஒரே வழி."

"ஆமாம்."

"அதை நான் சொல்ல மாட்டேன். மூணு தடவை சொல்லியாச்சு."

எம்ரிஸ் தொண்டையைச் செருமினார். எத்தனையோ பேருக்கு முகத்துக்கு நேராக ஃபெயில் என்று சொன்ன வாய் இப்போது மனு எழுதுவதுபோல் ஆரம்பித்தது.

"துவன், வந்து... இந்தச் சூழ்நிலையில, நம்ம ரெண்டு பேருக்கும் சௌகரியமா, சட்டப்படி..."

"சட்டப்படின்னா ஆபீஸ்ல போய்ச் சொல்லுங்க. நான் என்ன கௌன்ட்டரா?"

அவர் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

"நான் வேல்ஸுக்குப் போக விரும்பலை" என்றார். "பஸ்ஸுல வரும்போது நான் விசாவை நினைக்கலை. நான் அந்தப் பக்கமே மாட்டிக்கிட்டா சாயங்காலம் இந்த நாற்காலியில யார் உக்காருவான்னு நினைச்சேன். என்னைக் கட்டிக்கோ துவன்."

ஆசிரியை அவரை மேலும் கீழும் பார்த்தாள். விடைத்தாள் திருத்துகிற பார்வை.

"இதை விசா கையில இருக்கும்போது சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும்."

"ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த ஃபோட்டோ இருக்கா?"

"அது ஆபீஸ் கேக்கறது..."

"நானும் கேக்கறேன். பன்னிரண்டு வருஷத்துல நீங்க எடுத்த ஃபோட்டோ எல்லாம் முத்திரை ஃபோட்டோ. என் மூஞ்சி ஒண்ணுலயும் இல்ல. வீட்டுக்கு வழி வரைஞ்சு குடுங்க. சாட்சி ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க. ஓர்வில் போதும். பேண்ட் போட்டுட்டு வரச் சொல்லுங்க."

"எல்லாம் குடுத்தா?"

லம்துவன் அவர் பாஸ்போர்ட்டை ஃபோட்டோ எடுத்தாள். 'என் வீட்டில் ஒரு வெளிநாட்டவர் வந்து தங்கியிருக்கிறார்' என்று சர்க்காருக்குப் பதிந்தாள். ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மீனுக்குத் திரும்பினாள்.

"குடுங்க, பார்க்கலாம்."

*

மறுநாள் காபிக் கடையில் வழக்கத்தைவிடக் கூட்டம். டச்சுக்காரர் வரிசையிலும் பஸ்ஸிலும் தன் முன்னால் நடந்ததை எல்லாருக்கும் சொல்லியிருக்க வேண்டும். ஓர்வில் முன் வரிசையில் இருந்தான். பேண்ட் போட்டிருந்தான். அதற்கே நாலு பேர் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எம்ரிஸ், அந்த மறுநுழைவு விஷயத்தை இன்னொரு தடவை சொல்லேன்" என்றார் டச்சுக்காரர், முகத்தை ரொம்பச் சாதுவாக வைத்துக்கொண்டு.

"தீக்குச்சி உதாரணத்தோட" என்றான் ஓர்வில்.

எம்ரிஸ் பலகையை நிமிர்த்தினார். பேனாவைத் திறந்தார்.

"அது போன வாரப் பாடம்" என்றார். "இன்னைக்குக் கல்யாண நீட்டிப்பு."

நார்வேக்காரரின் காபிக் கோப்பை வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

"வீல்சேர்னு சொன்னியே?"

"சொன்னேன். மூட்டு தேய்ஞ்சா யாரும் உக்காருவாங்க. தேவையானதெல்லாம் சொல்றேன், எழுதிக்குங்க. சேர்ந்து எடுத்த ஃபோட்டோ. பழசா இருந்தா நல்லது. பழசு இல்லாதவன் இன்னைக்கே எடுக்கணும். வீட்டுக்கு வழி. சாட்சி."

"அனுபவப்பட்ட மாதிரிப் பேசறியே. மனு குடுத்தாச்சா?" என்றார் டச்சுக்காரர்.

"குடுத்தாச்சு. விடியக்காலை குடுத்தேன். ஃபோட்டோவுல ஓர்வில் கட்டைவிரல் விழுந்திருக்கு, அதனால திருப்பி எடுக்கச் சொல்லிட்டாங்க."

"விடியக்காலையா? எந்த ஆபீஸ் திறந்திருக்கும்? முடிவு என்ன?"

எம்ரிஸ் பக்கத்து மேஜையைப் பார்த்தார். சோயாப் பால் டம்ளர் காலியாக இருந்தது.

"பரிசீலனையில் இருக்கிறது" என்றார்.

தெருவில் ஹாரன் அடித்தது. லம்துவன் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தாள். தலைக்கவசம் இரண்டு. வகுப்பு முடிய இன்னும் நேரம் இருந்தது. எம்ரிஸ் பலகையை ஓர்வில் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனார், பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

"எங்கே போறோம்?"

"ஸ்டூடியோவுக்கு. கட்டைவிரல் இல்லாம எடுக்கணும்."

அவள் சாவியைத் திருகினாள். ஆனால் கிளப்பவில்லை. வலப்பக்கக் கண்ணாடியை நிதானமாகச் சரி செய்தாள், பார்த்தாள். இடப்பக்கக் கண்ணாடியைச் சரி செய்தாள், பார்த்தாள். அதில் எம்ரிஸின் முகம் விழும்வரை கொஞ்சம் திருப்பினாள்.

"இப்படித்தானே?" என்று கேட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.